காது தவறவிடும் வசனத்தைத் திரையில் படிக்க: ஐந்து வழிகளில் எது உங்கள் வீட்டுக்கு?

“அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. டிவியில் பேசுவது எழுத்தாக ஓட வேண்டும். புது டிவி வாங்கலாமா, ஸ்டிக் போதுமா, கேபிளை விட்டுவிட்டு டிஷ்ஷுக்கு மாறலாமா?” என்று கேட்கும் வாசகர்கள் பெருகிவருகிறார்கள். கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும் வீட்டுக்கு வீடு விடை வேறுபடுகிறது. அதனால் இருக்கும் வழிகளை ஒரே அளவுகோல்களால் அளந்து, எது யாருக்குப் பொருந்தும் என்று இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த வழிகள் அனைத்தையும் வில்லிவாக்கத்தில் என் பெரிய மாமா வீட்டில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில், உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் இரைச்சல் மிகுந்த ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். டிவியின் ஒலியை எவ்வளவு கூட்டி வைத்தாலும், “சத்தம் நல்லாத்தான் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல” என்பார். கீழ்வீட்டார் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போன பிறகுதான், அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை என்பது எங்களுக்கு உறைத்தது.

முதுமையாலும் நெடுநாள் இரைச்சலாலும் வரும் காது மந்தத்தில் உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் குறைகின்றன. உயிரொலிகள் பலமானவை, பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. ஆகவே அவை கேட்டுவிடுகின்றன. சொல்லையும் சொல்லையும் பிரித்துக் காட்டும் வல்லின ஒலிகள் மங்கிப்போகின்றன. படம், தடம், கடம் என்ற மூன்று சொற்களிலும் முதல் மெய் மங்கிவிட்டால் காதில் விழுவது ஒரே ‘அடம்’தான். ஒலியைக் கூட்டும்போது உயிரொலியும் பின்னணி இசையும் சேர்ந்தே உயருவதால் குழப்பம் தீருவதில்லை. எழுத்து அந்த இடத்தைச் சரியாக நிரப்புகிறது: ‘அடம்’ என்று கேட்ட காதுக்குக் கண் ‘ப’ என்ற எழுத்தைக் கொடுத்துவிடுகிறது.

பொருளில் பணம் போடுமுன் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். காதில் அழுக்கு அடைத்திருப்பது போன்ற எளிய காரணமாகவும் இருக்கலாம். சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையிலும் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், அவர் அன்றாடம் எதைப் பார்க்கிறார் என்பது. மாலைச் செய்தியும் இரவுத் தொடரும் பார்ப்பவருக்கும், ஞாயிற்றுக்கிழமை படம் பார்ப்பவருக்கும் விடை ஒன்றாக இருக்க முடியாது. மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன. கடைக்காரர் இதைக் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அதனால்தான் பல வீடுகளில் நாற்பதாயிரம் ரூபாய் டிவி வந்தும் செய்தி வாசிப்பவர் வாயசைப்பது மட்டுமே தெரிகிறது.

இரண்டாவது, எந்த மொழியில் படிப்பார் என்பது. தமிழ்ப் படங்களுக்கு ஆங்கிலச் சப்டைட்டில் கிடைப்பது எளிது, தமிழ்ச் சப்டைட்டில் கிடைப்பது அரிது. தினத்தாளைத் தடையின்றிப் படிக்கிறவரால்கூட இரண்டு நொடியில் ஓடிமறையும் ஆங்கில வரியைப் பிடிக்க முடியாமல் போகலாம்.

மூன்றாவது, எழுத்தின் அளவும் நாற்காலியின் தூரமும். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால், ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. ‘கி’யா ‘கீ’யா என்று பத்தடி தூரத்திலிருந்து பிரித்தறிய முடிய வேண்டும். கண்ணாடியையும் இங்கேயே கவனியுங்கள். தினத்தாள் படிக்கும் கண்ணாடி பத்தடி தூரத்துக்கு உதவாது. மாமா முதல் வாரம் முழுவதும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “எழுத்தெல்லாம் கலங்கலா இருக்கு” என்று டிவியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காவது, ரிமோட்டை யார் இயக்குவது என்பது. பகலில் வீட்டில் தனியாக இருப்பவர் என்றால், மூன்று பொத்தான்களுக்கு மேல் அழுத்தச் சொல்லும் எந்த ஏற்பாடும் நிலைக்காது. ஐந்தாவது இணையம், ஆறாவது செலவு. செலவில் வாங்கும் விலையைவிட மாதாமாதம் போவதையே கூட்டிப் பாருங்கள்.

## எழுத்து எங்கிருந்து வருகிறது

வழிகளை ஒப்பிடுமுன் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். இது தெரியாததால்தான் பலர் மெனுவில் எல்லாவற்றையும் ‘ஆன்’ செய்துவிட்டு, எழுத்து வரவில்லையே என்று டிவிக்காரரைக் கூப்பிடுகிறார்கள்.

சப்டைட்டில் இரண்டு வகையாக வரும். ஒன்று, படத்தோடு ஒட்டியே வருவது. ஆங்கிலப் படச் சேனல்களில் கீழே ஓடும் ஆங்கில வரிகள் இந்த வகை. அவற்றை அணைக்கவும் முடியாது, பெரிதாக்கவும் முடியாது. மற்றொன்று, படத்தோடு தனித் தகவலாக வருவது. இதைத்தான் குளோஸ்டு கேப்ஷன் என்கிறார்கள். வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது அணைக்கலாம், பல கருவிகளில் அளவையும் நிறத்தையும் மாற்றலாம். காது கேளாதவருக்கென்றே எழுதப்பட்டதாக இருந்தால் வசனத்தோடு ‘கதவு தட்டும் ஒலி’, ‘தொலைவில் இடி’ போன்ற குறிப்புகளும் இருக்கும். பட்டியலில் மொழியின் பெயருக்குப் பக்கத்தில் சிசி என்ற குறி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

தனித் தகவலாக வரும் எழுத்தைத் திரையில் வரைவது, நிகழ்ச்சியை வாங்கிப் பிரிக்கும் கருவியின் வேலை. கேபிளோ டிஷ்ஷோ செட்டாப் பாக்ஸ் வழியாக வருகிறது என்றால், அந்த வேலை பாக்ஸினுடையது. பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ வயர் படத்தையும் ஒலியையும் கொண்டுபோகுமே தவிர, குளோஸ்டு கேப்ஷன் தகவலைக் கொண்டுபோவதில்லை. ஆகவே டிவியின் மெனுவில் சப்டைட்டிலை எத்தனை முறை ஆன் செய்தாலும் பாக்ஸில் ஓடும் சேனலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பாக்ஸின் மெனுவில் செய்ய வேண்டும். ஸ்டிக்கில் (டிவியில் செருகி இணையப் படங்களைப் பார்க்க உதவும் சிறு கருவி) ஓடும் படத்துக்கு ஸ்டிக்கில் செய்ய வேண்டும்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும் அமெரிக்க வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே 1980-இல் குளோஸ்டு கேப்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது. 1990-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1993 முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகள் அனைத்திலும் அந்த எழுத்தைப் பிரித்துக் காட்டும் வசதி கட்டாயமானது. அந்த நாட்டு ரிமோட்டில் சிசி பொத்தானை அழுத்தினால் எழுத்து வருவதற்கு, ஒளிபரப்பிலேயே எழுத்து இருப்பதுதான் காரணம். நம் ஊரில் அதே பொத்தானை அழுத்தி ஒன்றும் வரவில்லை என்றால், டிவி பழுது என்று எண்ணிவிட வேண்டாம். அனுப்பப்படாத எழுத்தை எந்த டிவியாலும் காட்ட முடியாது.

## முதல் வழி: இருக்கும் செட்டாப் பாக்ஸையே பயன்படுத்துவது

செலவில்லாத வழி என்பதால் இதிலிருந்தே தொடங்க வேண்டும். பாக்ஸ் ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்தி, செட்டிங்ஸ் அல்லது லாங்குவேஜ் என்ற பகுதிக்குள் போனால், ஒலி மொழிக்குக் கீழே சப்டைட்டில் என்ற வரி பல பாக்ஸ்களில் இருக்கும். அதை ஆன் செய்து, மொழிப்பட்டியலில் தமிழ் இருந்தால் தமிழையும் இல்லாவிட்டால் ஆங்கிலத்தையும் முதல் விருப்பமாக வையுங்கள். பிறகு, அவர் வழக்கமாகப் பார்க்கும் ஐந்தாறு சேனல்களில் ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் பாருங்கள். விளம்பரத்தின்போது பார்த்து முடிவுகட்டாதீர்கள்.

மாமா வீட்டுப் பாக்ஸில் அந்த வரி இருந்தது, ஆன் செய்ததும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர் பார்க்கும் எந்தத் தமிழ்ச் சேனலிலும் எழுத்து வரவில்லை. கேபிளிலிருந்து டிஷ்ஷுக்கு மாறினால் வருமா என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: சேனல் எழுத்தை அனுப்பவில்லை என்றால், எந்த வயர் வழியாக வந்தாலும் அது வரப்போவதில்லை. சப்டைட்டில் ஒன்றுக்காக மட்டும் இணைப்பை மாற்றாதீர்கள். புது டிஷ், புது பாக்ஸ், பொருத்துகூலி என்று பணம் போவதோடு, வடகிழக்குப் பருவமழையில் கனத்த மேகம் கட்டும்போது படம் உடையும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

இருந்தாலும் இந்த வழியைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் குளோஸ்டு கேப்ஷன், சைகைமொழி பெயர்ப்பு, ஒலிவழி விளக்கம் ஆகியவற்றை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அதைத் தொடர்ந்து 2019 செப்டம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் செவித்திறன் குறைந்தோருக்கான தொலைக்காட்சித் தரநிலைகளை வெளியிட்டது. செய்திச் சேனல்கள் நாளுக்கு ஒரு செய்தியறிக்கையையும், பிற சேனல்கள் வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சியையும் எழுத்தோடோ சைகைமொழியோடோ தருவதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நேரலைக்கும் விளம்பரத்துக்கும் அதில் விலக்கு உண்டு. சேனலுக்கு எழுத்து கேட்டு எழுதும்போது இந்தச் சட்டப் பிரிவையும் ஆண்டையும் குறிப்பிட்டு எழுதுங்கள். காது கேளாத ஒருவர் தமக்கு உரியதைக் கேட்கிறார் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இது யாருக்குப் பொருந்தும்? ஆங்கிலப் படச் சேனல்களையே பெரிதும் பார்ப்பவருக்கு இது ஒன்றே போதும். தமிழ்த் தொடர் பார்ப்பவருக்குப் போதாது.

## இரண்டாம் வழி: ஸ்மார்ட் டிவியில் உள்ள ஆப்கள்

வீட்டில் ஏற்கெனவே ஸ்மார்ட் டிவியும் வைஃபையும் இருந்தால், புதிதாக எதையும் வாங்காமல் இதைச் செய்துவிடலாம். ஓடிடி ஆப்பில் படத்தை ஓடவிட்டு, ரிமோட்டில் மேல் அல்லது கீழ் அம்புக்குறியை அழுத்தினால் ‘ஆடியோ, சப்டைட்டில்’ என்ற பகுதி வரும். அங்கே ஒரு முறை தேர்ந்தெடுத்ததைப் பெரும்பாலான ஆப்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். காது மந்தமானவருக்கென்று ஆப்பில் தனிப் பெயரில் ஒரு புரொஃபைல் போட்டுக்கொடுங்கள். இல்லாவிட்டால் பேரன் வந்து அணைத்துவிட்டுப் போவதும், தாத்தா மறுபடி தேடுவதும் தினசரி வழக்கமாகிவிடும்.

யூடியூபில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். அங்கே மனிதர் எழுதி ஏற்றிய சப்டைட்டிலும் உண்டு, கணினி தானே கேட்டு எழுதியதும் உண்டு. தானியங்கி என்று குறித்திருந்தால் அதில் நிறுத்தக்குறி சரியாக இருக்காது, ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் சிதைந்து வரும். சமையல் குறிப்புக்கு அது போதுமானது. மருந்து அளவு சொல்லும் மருத்துவர் பேச்சுக்கு அதை நம்பக் கூடாது.

மறைசெலவுகளில் பெரியது சந்தா. ஒரு ஓடிடிக்குப் பணம் கட்டுமுன், அவர் பார்க்க விரும்பும் ஐந்து தமிழ்ப் படங்களின் பெயரை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் விவரப் பக்கத்திலும் சப்டைட்டில் மொழிகளில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் படத்துக்கு ஆங்கிலம் மட்டும் கொடுத்திருப்பதைத்தான் அடிக்கடி காண்பீர்கள். தமிழில் டப் செய்த வேற்றுமொழிப் படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. டப்பிங் வசனத்தை ஒருவரும் சப்டைட்டிலை இன்னொருவரும் மொழிபெயர்த்திருப்பதால், காதில் ‘சீக்கிரம் கிளம்பு’ என்று விழும்போது திரையில் ‘நேரமாகிறது, வா’ என்று ஓடும். முழுக்கக் காது கேளாதவருக்கு இதனால் இடைஞ்சல் இல்லை. பாதி கேட்டுப் பாதி படிப்பவருக்கோ தலைவலிதான். அவருக்கு, மூலமே தமிழாக உள்ள படத்தைத் தமிழ் எழுத்தோடு பார்ப்பதே நல்லது.

இணையத்தைப் பொறுத்தவரை, ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு 3 ஜிபி வரை ஆகும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. சாதாரணத் தரத்தில் 1 ஜிபி போதும். எழுத்து இரண்டிலும் ஒரே தெளிவோடுதான் வரும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் தரத்தைக் குறைத்து வைத்தால் எழுத்து கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்.

## மூன்றாம் வழி: இருக்கும் டிவியில் ஒரு ஸ்டிக்

‘புது டிவி வாங்கலாமா’ என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். ஹெச்டிஎம்ஐ துளை உள்ள எந்தப் பழைய டிவியிலும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்டிக்கைச் செருகினால், மேலே சொன்ன ஆப்கள் எல்லாம் வந்துவிடும். சப்டைட்டில் என்ற ஒரே நோக்கில் பார்த்தால், விலை மலிந்த ஸ்மார்ட் டிவியைவிட ஸ்டிக்கே மேல் என்பது என் முடிவு. அத்தகைய டிவிகளில் ஆப்கள் நாலைந்து ஆண்டில் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோகின்றன. அப்போது ஸ்டிக்கை மாற்றினால் சில ஆயிரத்தோடு போய்விடும், டிவியை மாற்ற வேண்டியதில்லை.

எழுத்தின் அளவை ஸ்டிக்கின் மெனுவிலும் மாற்றலாம், ஆப்புக்குள்ளும் மாற்றலாம். சில ஆப்கள் மெனுவில் நாம் வைத்ததை ஏற்கும், சில ஆப்கள் தங்கள் அளவையே காட்டும். ஆகவே இரண்டு இடத்திலும் பாருங்கள். மெனு எங்கே இருக்கும் என்பதற்கு இந்தப் பட்டியல் உதவும். மாடலுக்கு மாடல் ஒரு சொல் முன்பின்னாக மாறலாம்.

| கருவி | எழுத்து அமைப்பு இருக்கும் இடம் |
|---|---|
| ஃபயர் டிவி ஸ்டிக் | செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, குளோஸ்டு கேப்ஷன்ஸ் |
| கூகுள் டிவி | செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்சஸிபிலிட்டி, கேப்ஷன்ஸ் |
| பழைய ஆண்ட்ராய்டு டிவி | செட்டிங்ஸ், டிவைஸ் பிரிஃபரன்சஸ், ஆக்சஸிபிலிட்டி, கேப்ஷன்ஸ் |
| சாம்சங் டிவி | செட்டிங்ஸ், ஜெனரல், ஆக்சஸிபிலிட்டி, கேப்ஷன் செட்டிங்ஸ் |

அளவைப் பெரிதாக வையுங்கள். எழுத்து வெள்ளையாகவும் அதன் பின்னணி கறுப்புப் பட்டையாகவும் இருக்கட்டும். பட்டை இல்லாமல் வைத்தால் வெள்ளைச் சட்டை, பகல் வானம், கல்யாண மண்டபத்து விளக்கு என எதன் மேல் வந்தாலும் எழுத்து கரைந்துவிடும். கண்புரை தொடங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

மறைசெலவு என்று சொல்வதற்கு இங்கே இருப்பது பணத்தைவிடச் சிரமம்தான். ஸ்டிக்குக்கு ஒரு ரிமோட், டிவிக்கு ஒரு ரிமோட், பாக்ஸுக்கு ஒரு ரிமோட் என்று மூன்று சேர்ந்துவிடும். கேபிளிலிருந்து ஸ்டிக்குக்கு மாற ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ பொத்தானை அழுத்தி எந்த ஹெச்டிஎம்ஐ என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். மாமாவின் ரிமோட்டில் அந்தப் பொத்தானின் மேல் அத்தை ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டார். ‘பொட்டை அழுத்தினால் படம்’ என்பது மாமாவுக்கு ஒரே நாளில் பழகிவிட்டது. ஸ்டிக்கோடு வந்த அடாப்டரையே பிளக்கில் செருகுங்கள். டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்தால் பல டிவிகளில் போதாமல் ஸ்டிக் அணைந்து அணைந்து எரியும்.

## நான்காம் வழி: பென்டிரைவில் படமும் எழுத்தும்

இணையமே இல்லாத வீட்டுக்கு இது ஒரு வழி. வீடியோ கோப்பும், வசனத்தையும் அது தோன்ற வேண்டிய நேரத்தையும் எழுதிவைத்த எஸ்ஆர்டி கோப்பும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில் இருந்தால், டிவியின் யூஎஸ்பி பிளேயர் இரண்டையும் சேர்த்து ஓட்டும். ‘பேரன் பேச்சு’ என்று வீடியோவுக்குப் பெயர் வைத்தால் எழுத்துக் கோப்புக்கும் அதே பெயர், கடைசி மூன்று எழுத்து மட்டும் வேறு.

தமிழுக்கு இதில் ஒரு பெரிய இடர் இருக்கிறது. எஸ்ஆர்டி கோப்பை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். சரியாகச் சேமித்தாலும், டிவியின் பிளேயருக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாவிட்டால் ஒற்றைக்கொம்பு தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். மாமாவின் பழைய டிவியில் ‘கொடு’ என்ற சொல் வந்தபோது முதலில் ‘க’ நின்றது, அதற்கு வலப்பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தோடு கொம்பு நின்றது, அதற்கும் அப்பால் கால் தனியே நின்றது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மூன்று வரி ஓடிவிட்டன. அதே பென்டிரைவை விஎல்சி என்ற வீடியோ ஆப் உள்ள ஸ்டிக்கில் வைத்து ஓட்டியபோது எழுத்து ஒழுங்காக வந்தது.

நேரக்குறிப்புகளை நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால், பத்து நிமிட வீடியோவுக்கு ஒரு முழு மாலை போய்விடுகிறது. ஆனால் குடும்ப வீடியோக்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. பேத்தி பள்ளியில் பேசிய நான்கு நிமிடப் பேச்சை மாமா மூன்று முறை பார்த்திருந்தார், ஒரு சொல்லும் புரியவில்லை. எழுத்துப் போட்டுக்கொடுத்த அன்று, தன்னைப் பற்றி அவள் அதில் ஒரு வரி சொல்லியிருப்பதை முதல் முறையாகப் படித்தார். அந்த மாலையை நான் செலவாக எண்ணவில்லை.

## ஐந்தாம் வழி: டிவி பேசுவதைப் போன் எழுதித் தருவது

சேனல் எழுத்து அனுப்பாத நிலையில், செய்திக்கும் தொடருக்கும் இன்று கைகொடுப்பது இதுதான். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற ஆப் இருக்கிறது. 2019-இல் வந்தது, இலவசம், தமிழும் தெரியும். போனில் முதல் மொழியாகத் தமிழையும் இரண்டாம் மொழியாக ஆங்கிலத்தையும் வைத்து, டிவியின் ஸ்பீக்கருக்கு அருகே ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டால், டிவி பேசுவது போன் திரையில் வரி வரியாக ஓடும். எழுத்தின் அளவையும் கூட்டிக்கொள்ளலாம்.

போனை வைக்கும் இடம்தான் இதில் முக்கால் பங்கு. மாமாவின் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தபோது மின்விசிறியின் இரைச்சலும் அத்தை சமையலறையில் பேசுவதும் சேர்ந்து எழுத்தாயின. டிவிக்கு ஓரடி பக்கத்தில் வைத்தபோது பிழை வெகுவாகக் குறைந்தது, ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து போன் எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை. கடைசியில், பயன்படாமல் கிடந்த ஒரு பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டைச் சிறு ஸ்டூலில் டிவிக்கு முன்னால் வைத்து, நாற்காலியை ஆறடிக்கு நகர்த்தினோம்.

பிழைகளைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நிதானமாக, ஒருவர் மட்டும் பேசும் செய்தி வாசிப்பு நன்றாக வருகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் விவாத நிகழ்ச்சி வருவதில்லை. தொடர்களில் இசைக்கு மேல் அழுதுகொண்டு பேசும் வசனம் பாதிதான் வரும். ஒரு மழைநாள் செய்தியில் செம்பரம்பாக்கம் ஏரியின் ‘உபரிநீர்’ டேப்லெட்டில் ‘உப்பு நீர்’ ஆகிவிட்டது. அந்த ஏரியின் முழு ஆழம் 24 அடி. எத்தனை அடியில் நிற்கிறது, எவ்வளவு கனஅடி திறக்கிறார்கள் என்பது அடையாற்றங்கரையில் இருப்பவருக்கு உயிர்ச்செய்தி. அத்தகைய எண்களையும் ஊர்ப்பெயர்களையும் போன் எழுத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். செய்திச் சேனலின் கீழே ஓடும் எழுத்துப் பட்டையோடு சரிபாருங்கள், அதை எழுதியவர் மனிதர்.

பிற செலவுகள் சிறியவை: இணையம் தொடர்ந்து வேண்டும், சார்ஜர் செருகியே இருக்க வேண்டும். அன்றாடம் பேசும் போனையே இதற்கு வைத்தால் அழைப்பு வரும்போதெல்லாம் எழுத்து நின்றுவிடும். பெரிய குறை புயல் நாளில்தான் தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரத்தோடு இணையமும் போனது. மின்சாரம் முதலில் திரும்பி இணையம் பிந்தி வரும் வீட்டில், டிவி பேசும், எழுத்து வராது. அந்த நாளுக்கு ஒரு நோட்டும் பேனாவும் டிவி பக்கத்தில் இருக்கட்டும். செய்தியின் சாரத்தை வீட்டில் ஒருவர் எழுதிக் காட்டும் பழக்கம் இருக்கட்டும்.

## எந்த வீட்டுக்கு எது

செய்தியும் தொடரும் மட்டும் பார்ப்பவர் என்றால் ஐந்தாம் வழியோடு நின்றுவிடுங்கள். பழைய டேப்லெட் ஒன்று இருந்தால் தாங்கிக்கு மட்டும்தான் செலவு. டிவி, பாக்ஸ், இணைப்பு எதையும் தொட வேண்டாம்.

வாரத்துக்கு ஒன்றிரண்டு படம் பார்ப்பவர், வைஃபை உள்ள வீடு என்றால் ஸ்டிக்கும், தமிழ் எழுத்து உள்ளதென்று நீங்களே பார்த்து உறுதிசெய்த ஒரே ஓடிடியும் போதும். இரண்டாவது ஓடிடிக்குப் பணம் கட்டுமுன் முதலில் இருப்பதை மூன்று மாதம் பாருங்கள்.

பகலெல்லாம் தனியாக இருப்பவர், ரிமோட் பழகாதவர் என்றால் ஸ்டிக்கைத் தள்ளிவைத்துவிட்டு டேப்லெட்டையே கொடுங்கள். அதில் அழுத்த வேண்டிய ஆப் சின்னம் ஒன்றுதான், அதையும் முகப்புத் திரையின் நடுவில் வைத்துவிடலாம்.

புது டிவி வாங்கத்தான் போகிறீர்கள், வேறு காரணம் இருக்கிறது என்றால் கடைக்கு ஒரு பென்டிரைவை எடுத்துச் செல்லுங்கள். அதில் இரண்டு நிமிட வீடியோவும், ‘கொடு, பெண், மௌனம், தீர்ப்பு’ என்று நான்கு சொற்கள் உள்ள எஸ்ஆர்டி கோப்பும் இருக்கட்டும். பத்தடி தள்ளி நின்று, காது மந்தமானவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொம்பு இடம் மாறினால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

மாமா வீட்டில் இப்போது இரண்டும் இருக்கின்றன. மாலைச் செய்திக்கு ஸ்டூலில் டேப்லெட், ஞாயிறு மதியப் படத்துக்குச் சிவப்புப் பொட்டு. ஒலி முன்பு இருந்ததில் பாதி அளவில் நிற்கிறது.